பேஜிங் வால்யூம் நிரம்புகிறது: கூட்டுவதா, பெரிதாக்குவதா, குறைப்பதா?

“அண்ணா, பேஜிங் 82 சதவீதத்துல நிக்குது. ஸ்பேர் வால்யூம் ஒண்ணு இருக்கு, ஏத்திடட்டுமா?”

ராத்திரி ஷிஃப்ட்டில் இருந்த தம்பி போனில் இப்படிக் கேட்டபோது மணி இரண்டரை. “மத்த வால்யூம் எல்லாம் என்ன சைஸ், இது என்ன சைஸ்?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

இசட்/விஎம் (ஐபிஎம் மெயின்ஃபிரேமில் பல சிஸ்டங்களை ஒன்றாக ஓட்டும் மென்பொருள்) பார்த்துக்கொள்கிற எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். மெமரியில் இடமில்லாத பக்கங்களை எழுதி வைக்கும் டிஸ்க், அதாவது பேஜிங் இடம், நிரம்பிக்கொண்டு வருகிறது, ஏதாவது செய்தாக வேண்டும். அதே அளவு வால்யூம்களை இன்னும் சேர்க்கலாம். சின்னவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை வைக்கலாம். எஸ்சிஎஸ்ஐ டிஸ்க்குக்குப் போகலாம். கெஸ்ட்டுகளின், அதாவது இசட்/விஎம்முக்குள் ஓடும் சிஸ்டங்களின், மெமரியைக் குறைக்கலாம். காசு இருந்தால் நிஜ மெமரியையே வாங்கிப் போடலாம். எது சரி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் “எது வேகம்?” என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்று: செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? பேஜிங் வால்யூமை ஏற்ற இரண்டு கட்டளை போதும். இறக்குவதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

## நிரம்பினால் என்ன ஆகும்

1972-ல் வந்த விஎம்/370-இன் வாரிசுதான் இன்றைய இசட்/விஎம். ஒரே எல்பாருக்குள் (மெயின்ஃபிரேமைப் பிரித்த ஒரு பகுதி) நாற்பது ஐம்பது லினக்ஸ் ஓடும். எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கும் மெமரியைக் கூட்டினால் நிஜமாக இருப்பதைவிட அதிகமாக வரும். அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பது சிபி, இசட்/விஎம்மின் மையப் பகுதி. யாரும் தொடாத 4 கேபி பக்கங்களைப் பேஜிங் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, கேட்கும்போது திரும்பக் கொண்டுவரும்.

லினக்ஸில் ஸ்வாப் தீர்ந்தால் ஏதோ ஒரு ப்ராசஸ் பலியாகும், மற்றவை பிழைத்துக்கொள்ளும். இசட்/விஎம்மில் அந்தக் கருணை கிடையாது. பேஜிங் இடம் தீர்ந்ததும் சிபி ஸ்பூல் (கோப்புகளை வரிசையில் வைக்கும் டிஸ்க்) இடத்தில் கைவைக்கும். அதுவும் தீர்ந்தால் பிஜிடி004 என்ற அபெண்டு, அதாவது சிஸ்டமே முறிந்துபோவது. டம்ப் (விழுந்த நேரத்து மெமரியின் நகல்) எடுத்துக்கொண்டு சிஸ்டம் மொத்தமும் விழுந்து மறுபடி எழும். மெமரியைத் தின்றது ஒரே ஒரு கெஸ்ட்டாக இருந்தாலும் நாற்பதும் சேர்ந்து சாகும்.

ஆகவே “ஸ்பூல்தான் இருக்கிறதே” என்று நினைப்பது ஒரு வழியே இல்லை. ஸ்பூலில் ரீடர் கோப்புகளும் சேவ்டு செக்மென்ட்டுகளும் இருக்கின்றன. விழுந்தால் டம்ப் போய் உட்கார வேண்டியதும் அங்கேதான். அதைப் பேஜிங் தின்றுவிட்டால் ஏன் விழுந்தது என்று பார்க்க டம்ப்கூட மிஞ்சாமல் போகலாம்.

## எவ்வளவு இடம் வேண்டும்

வழிகளை ஒப்பிடும் முன் இந்தக் கணக்கைப் போடாதவர்கள் எதைத் தேர்ந்தாலும் குருட்டாம்போக்குதான்.

எல்லா கெஸ்ட்டுகளின் மெமரி அளவையும் கூட்டுங்கள். அதோடு விடிஸ்க்குகளையும் (மெமரியிலேயே வைத்த பொய் டிஸ்க்), பகிர்ந்துகொள்ளும் செக்மென்ட்டுகளையும் சேருங்கள். பக்க அட்டவணைகளுக்காக 1.01-ஆல் பெருக்குங்கள். உதாரணமாக, 40 லினக்ஸ், தலைக்கு 8 ஜிபி என்றால் 320 ஜிபி. ஒவ்வொன்றுக்கும் ஸ்வாப்புக்காக அரை ஜிபி விடிஸ்க் என்றால் இன்னொரு 20. மொத்தம் 340, பெருக்கினால் சுமார் 343 ஜிபி.

“எங்களிடம் 256 ஜிபி நிஜ மெமரி இருக்கிறதே, அதைக் கழிக்கலாமே?” என்று கேட்பார்கள். பழைய காலத்தில் அப்படிக் கழித்தோம். 2013-ல் வந்த 6.3 பதிப்பிலிருந்து மெமரி நிர்வாகமே மாறிவிட்டது. பக்கத்தை வெளியேற்றும் முன்பே சிபி அதை டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. திரும்பக் கொண்டுவந்த பக்கத்தின் டிஸ்க் பிரதியையும், பக்கம் மாறாதவரை, வைத்திருக்கிறது. ஒரே பக்கம் மெமரியிலும் இருக்கும், டிஸ்க்கிலும் இருக்கும். கழித்துக் கணக்குப் போட்டவர் மாட்டிக்கொள்வார்.

இனி வால்யூம் கணக்கு. மெயின்ஃபிரேம் டிஸ்க் வகையான 3390-இல் ஒரு ட்ராக்குக்கு 12 பக்கம், ஒரு சிலிண்டருக்கு 15 ட்ராக், ஆக சிலிண்டருக்கு 180 பக்கம். மாடல் 9-இல் 10,017 சிலிண்டர். லேபிள் இருக்கும் பூஜ்யம் சிலிண்டரை விட்டுவிட்டால் 18,02,880 பக்கம், ஏறக்குறைய 6.9 ஜிபி. நம் 343 ஜிபிக்கு இப்படி 50 வால்யூம் வேண்டும். 65,520 சிலிண்டர் உள்ள மாடல் 54 ஒன்றில் 45 ஜிபி பிடிக்கும், எட்டு போதும். ஐம்பதா, எட்டா என்பதுதான் முதல் இரண்டு வழிகளுக்கும் இடையிலான சண்டை.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பவை இவை.

பாதுகாப்பு இடைவெளி. இந்த வழி பிஜிடி004-இலிருந்து நம்மை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறது? சில வழிகள் பேஜிங் வேகத்தைச் சரிசெய்யும், இடத்தைத் தொடவே தொடாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

ஐபிஎல் வேண்டுமா? (கிரிக்கெட் இல்லை, சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்றுவது.) வங்கி சிஸ்டத்துக்கு அந்த நேரம் கிடைப்பது வருஷத்தில் சில தடவைதான்.

திரும்ப எடுக்க முடியுமா? முன்பே சொன்னேன்.

கை தவறினால் என்ன? டிஸ்க் ஃபார்மட் செய்யும் எந்த வேலையிலும் அடுத்தவன் தரவை அழிக்கிற வாய்ப்பு இருக்கிறது.

வேகம். ஒரே நேரத்தில் எத்தனை ஐ/ஓ போகும், பக்கங்களைக் கூட்டமாக எழுதத் தொடர்ச்சியான காலி இடம் கிடைக்குமா என்பவை.

மொத்தச் செலவு. டிஸ்க் விலை அதில் சின்னப் பங்குதான். சிபியு, உரிமக் கட்டணம், மீட்டிங்குகள் எல்லாம் சேர்த்திதான்.

## வழி 1: அதே அளவு வால்யூம்களைக் கூட்டுவது

பெரும்பாலான இடங்களில் பெரும்பாலான நேரம் இதுதான் சரி. ஒரு வால்யூமுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஐ/ஓ என்ற பழைய விதி நடைமுறையில் இருக்கும்வரை, பத்து வால்யூம் என்றால் பத்து வரிசை. கூட்டக் கூட்டப் பேஜிங் வேகமும் ஏறும், இடமும் ஏறும். ஐபிஎல் தேவையில்லை.

“அதே அளவு” என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தம்பியின் போனுக்கு வருவோம். அவன் கையில் இருந்த ஸ்பேர் மாடல் 27. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை மாடல் 9. அதை ஏற்றியிருந்தால் சில வாரத்தில் கியூரி அலாக் பேஜ் கட்டளை இப்படித்தான் காட்டியிருக்கும்:

| வால்யூம் | மொத்தப் பக்கம் | பயன்பாட்டில் | சதவீதம் |
|---|---|---|---|
| விஎம்பிஜி01 | 18,02,880 | 17,30,765 | 96 |
| விஎம்பிஜி02 | 18,02,880 | 17,30,765 | 96 |
| விஎம்பிஜி03 | 18,02,880 | 17,30,765 | 96 |
| விஎம்பிஜி04 | 58,96,620 | 21,81,749 | 37 |
| மொத்தம் | 1,13,05,260 | 73,74,044 | 65 |

கடைசி வரியை மட்டும் பார்த்தால் 65, நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் முதல் மூன்றும் நிரம்பிவிட்டன. சிபி எழுதும் பக்கங்களை எல்லா வால்யூமுக்கும் பிரித்துப் போடுவதால் சின்னவை முதலில் நிரம்பும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் நான்காவதன் தலையில்தான் விழும். நான்கு வரிசை என்று நினைத்தது ஒரே வரிசையாகிவிடும். மொத்தச் சதவீதத்துக்கு மட்டும் எச்சரிக்கை வைத்திருப்பவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு வால்யூமையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அதே காரணத்துக்காகத்தான் ஒரே வால்யூமில் பேஜிங்கையும் ஸ்பூலையும், அல்லது பேஜிங்கையும் மினிடிஸ்க்கையும் (கெஸ்ட்டுக்குக் கொடுக்கும் டிஸ்க் துண்டு) கலக்கக் கூடாது. பாதி இடம் சும்மா கிடக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். கிடக்கட்டும்.

ஏற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. முதலில் வால்யூமை உங்கள் யூசர் ஐடிக்கு அட்டாச் செய்து, சிபிஎஃப்எம்டிஎக்ஸ்ஏ வைத்து முழுக்க ஃபார்மட் செய்து, பேஜ் என்று ஒதுக்க வேண்டும். ஃபார்மட் ஆகாத இடத்தைப் பேஜ் என்று ஒதுக்கிவைத்தால் பேஜிங் பிழைகள் வரும். நடுவில் ஐசிகே003டி என்ற கேள்வி வரும்: வால்யூமின் உள்ளடக்கத்தை மாற்ற ‘யு’, இல்லையென்றால் ‘டி’. ஆயிரம் தடவை ‘யு’ அடித்துப் பழகிய விரல் ஆயிரத்தோராவது தடவையும் யோசிக்காமல் அடிக்கும். அந்த வரியில் இருக்கும் முகவரியைக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பதோடு ஒத்துப்பார்த்துவிட்டு அடியுங்கள். நான் ஒருதடவை முகவரியில் இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டு, இந்தக் கேள்வியில்தான் பிழைத்தேன்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. அட்டாச் ஆகிவிட்டது என்றால் இந்த எல்பாரில் யாரும் பயன்படுத்தவில்லை என்றுதான் அர்த்தம். அதே டிஸ்க்கைப் பக்கத்து எல்பாரில் இருக்கும் இன்னொரு சிஸ்டம் தன்னுடையது என்று ஓட்டிக்கொண்டிருக்கலாம். நம் சிபிக்கு அது தெரியாது. ஸ்டோரேஜ் குழுவின் பட்டியலைப் பார்க்காமல் “ஃப்ரீ” என்று வந்ததை நம்பி ஃபார்மட் செய்யாதீர்கள்.

ஃபார்மட் முடிந்ததும் டிஃபைன் சிபிஓன்ட் கட்டளையில் காலியாக உள்ள ஒரு ஸ்லாட்டைக் கொடுத்து, வால்யூமை சிஸ்டத்துக்கு அட்டாச் செய்தால் உடனே பயன்பாட்டுக்கு வந்துவிடும். வேலை முடிந்தது என்று எழுந்துபோவது இந்த இடத்தில்தான். சிஸ்டம் கான்ஃபிக் கோப்பிலும் அதை எழுத வேண்டும். எழுதிவிட்டு சிபிசின்டாக்ஸ் வைத்துச் சரிபார்க்கவும் வேண்டும். நான் ஒரு வாடிக்கையாளர் சிஸ்டத்தில் இரண்டு வால்யூமை ராத்திரியில் ஏற்றிவிட்டு, கோப்பைக் காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். காலையில் வேறு வேலை வந்தது. மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக ஐபிஎல். சிஸ்டம் அழகாக எழுந்தது, அந்த இரண்டு வால்யூம் மட்டும் இல்லாமல். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எல்லா கெஸ்ட்டும் சூடுபிடித்தபோது பேஜிங் 90-ஐத் தாண்டியது. அதற்குள் கண்ணில் பட்டதால் விழவில்லை. அந்த நாளிலிருந்து கட்டளையை அடிக்கும் முன்பே கோப்பை மாற்றிவிடுகிறேன்.

மறைந்திருக்கும் செலவு ஸ்லாட். சிபிக்குச் சொந்தமான வால்யூம்களுக்கு மொத்தம் 255 ஸ்லாட்தான். ஸ்பூலும் அதிலேயே அடங்க வேண்டும். சின்ன வால்யூமாகவே சேர்த்துக்கொண்டு போனால் டெராபைட் கணக்கில் வளரும் சிஸ்டம் ஒருநாள் சுவரில் முட்டும்.

எடுப்பது? ட்ரெயின் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைக் கேட்டால் உள்ளிருப்பதை வடித்துவிடும் போலத் தோன்றும். அது செய்வது புதிதாக எழுதுவதை நிறுத்துவது மட்டுமே. ஏற்கெனவே அங்கே இருக்கும் பக்கங்கள், கெஸ்ட் லாக்ஆஃப் ஆகும்வரையோ, பக்கம் மாறி வேறிடத்தில் எழுதப்படும்வரையோ, அப்படியே கிடக்கும். மாதக்கணக்கில் ஓடும் லினக்ஸின் தொடாத பக்கம் ஒன்றே ஒன்று போதும், அந்த வால்யூம் உங்களை விடாது. புலிவாலைப் பிடித்த கதை. கடைசியில் ஐபிஎல்லுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

## வழி 2: குறைவான, பெரிய வால்யூம்கள்

ஐம்பது வால்யூமைப் பராமரிப்பதைவிட எட்டைப் பராமரிப்பது எளிது என்பதில் சந்தேகமில்லை. லேபிள் குறைவு, ஸ்லாட் குறைவு, தப்புச் செய்ய இடமும் குறைவு. ஆனால் வெறுமனே எட்டாக்கினால் வரிசையும் எட்டாகிவிடும்.

இதை மாற்றியது 6.4 பதிப்பு. பேஜிங் ஐ/ஓவுக்கும் ஹைப்பர்பாவ் அலையஸ்களை (ஒரே வால்யூமுக்கான கூடுதல் முகவரிகள்) பயன்படுத்தலாம் என்று அதில் வந்தது. ஒரு பெரிய வால்யூமுக்கு ஒரே சமயத்தில் பல ஐ/ஓ போகும். அதற்குப்பின் 7.1-இல் வந்த திருத்தம் 65,520 சிலிண்டர் என்ற எல்லையையும் எடுத்துவிட்டது. இஏவி என்னும் மிகப்பெரிய வால்யூம்களில் அதற்கு மேலும் பேஜிங் வைக்கலாம்.

மறைசெலவுகள் இதில் அதிகம். ஹைப்பர்பாவுக்கு ஸ்டோரேஜ் பெட்டியில் உரிமம் இருக்கிறதா, அலையஸ்கள் உங்கள் எல்பாருக்கு வரையறுக்கப்பட்டிருக்கின்றனவா, சிஸ்டம் கான்ஃபிக்கில் இயக்கப்பட்டிருக்கிறதா, மூன்றையும் பார்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பிழைச்செய்தி எதுவும் வராது, மெதுவாக மட்டும் ஓடும். மினிடிஸ்க் ஐ/ஓவும் அதே அலையஸ் குளத்தில் தண்ணீர் குடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்தது தின் ப்ரொவிஷனிங், எழுத எழுதத்தான் நிஜ இடம் ஒதுக்குவது. பெரிய வால்யூமைக் கேட்டால் ஸ்டோரேஜ் குழு அப்படித்தான் கொடுக்கப் பார்க்கும். கியூரி அலாக் 40 சதவீதம் என்று காட்டும். பின்னால் இருக்கும் பூல் தீர்ந்துகொண்டிருக்கும். நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிரம்புகிற பேஜிங் டிஸ்க்கைவிட மோசமானது வேறில்லை. பேஜிங்குக்கு முழுசாக ஒதுக்கிய இடத்தைத்தான் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே சின்ன வால்யூமில் ஓடும் சிஸ்டத்தை இதற்கு மாற்றுவதுதான் உண்மையான தலைவலி. சின்னதும் பெரியதும் கலந்து ஓடினால் மேலே பார்த்த அட்டவணைதான் வரும். சின்னவற்றை ட்ரெயின் செய்தால் காலியாக மாட்டேன் என்கும். நான் செய்வது இது: பெரியவற்றை முன்கூட்டியே ஃபார்மட் செய்து, கான்ஃபிக்கில் எழுதி, ஏற்கெனவே திட்டமிட்டிருக்கும் ஐபிஎல் ஒன்றில் ஒரேயடியாக மாற்றுவது. பழைய வால்யூம்களை இரண்டு வாரம் தொடாமல் வைத்திருப்பேன். பின்வாங்க வேண்டியிருந்தால் பழைய கான்ஃபிக்கோடு ஐபிஎல் செய்தால் போதும். பேஜிங் தரவு ஐபிஎல்லைத் தாண்டி உயிரோடிருப்பதில்லை என்பதால் நகலெடுக்கவும் ஒன்றுமில்லை.

அதே காரணத்தால், பேஜிங் வால்யூம்களை ராத்திரி பேக்கப்பில் சேர்த்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். குப்பையை டேப்பில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ரிமோட் காப்பி விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். ஹைப்பர்ஸ்வாப் ஏற்பாடு (டிஸ்க் பழுதானால் அதன் ஜோடிக்கு மாறுவது) இருந்தால் பேஜிங் வால்யூமுக்கும் ஜோடி தேவைப்படலாம்.

## வழி 3: எஸ்சிஎஸ்ஐ டிஸ்க்கில் பேஜிங்

எஃப்சிபி (ஃபைபர் சேனல் இணைப்பு) வழியாக வரும் எஸ்சிஎஸ்ஐ டிஸ்க்கை 9336 என்ற டிஸ்க் வகையாக வேஷம் போட்டு சிபிக்குக் காட்டலாம், இடெவ் என்பார்கள். ஃப்ளாஷ் ஸ்டோரேஜ் ஏற்கெனவே வாங்கிப் போட்டிருக்கும் இடங்களில் இது ஆசை காட்டும்.

இந்த வேஷத்துக்குக் கூலி சிபியு. எஸ்சிஎஸ்ஐ கட்டளைகளைக் கட்டி அனுப்புகிற வேலையை சிபியே செய்வதால், அதே பேஜிங் விகிதத்துக்கு 3390-ஐவிட அதிக ப்ராசஸர் நேரம் போகும். மெயின்ஃபிரேமில் ப்ராசஸர் நேரம்தான் விலை உயர்ந்த சரக்கு. டிஸ்க்கில் மிச்சம் பிடித்ததை அங்கே தொலைப்பதில் அர்த்தமில்லை. பேஜிங் எப்போதாவது மட்டும் நடக்கும் சிஸ்டம், அல்லது எஃப்சிபி தவிர வேறு டிஸ்க்கே இல்லாத லினக்ஸ் மட்டுமான இடம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் இதற்காகத் தனியாக எதையும் வாங்க வேண்டாம்.

## வழி 4: கெஸ்ட்டுகளின் பசியைக் குறைப்பது

லினக்ஸுக்கு எவ்வளவு மெமரி கொடுத்தாலும் மிச்சத்தையெல்லாம் கோப்பு கேஷாக நிரப்பிக்கொள்ளும். தனி மெஷினில் அது நல்ல குணம். இசட்/விஎம்மில் அந்தக் கேஷ் பக்கங்களும் பேஜிங் டிஸ்க்கில்தான் வந்து உட்காரும். 16 ஜிபி கேட்டு வாங்கிய கெஸ்ட் 6 ஜிபியில் நிம்மதியாக ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பத்து கெஸ்ட்டில் தலைக்குப் பத்து ஜிபி குறைத்தால் 100 ஜிபி பேஜிங் இடத் தேவை ஒரேயடியாக மறையும். 15 மாடல் 9 வால்யூம் மிச்சம். ஃபார்மட் இல்லை, ஸ்லாட் இல்லை, கை தவறி எதையும் அழிக்க முடியாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஐந்து வழியிலும் இதுதான் சுத்தம்.

ஆனால் செலவு மனிதர்களிடம் இருக்கிறது. டேட்டாபேஸ் குழுவிடம் போய் “உங்களுக்கு இவ்வளவு வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள். கொடுத்த மெமரியைத் திரும்பக் கேட்பதும் கொடுத்த கடனைத் திரும்பக் கேட்பதும் ஒன்றுதான். மூன்று மீட்டிங், ஒரு மாத அளவீடு, அதன்பின் டைரக்டரியில் அளவை மாற்றி அந்தக் கெஸ்ட்டை லாக்ஆஃப் செய்து மறுபடி ஏற்ற ஒரு நேரம். அவசரத்துக்கு உதவாது.

லாக்ஆஃப் இல்லாமல் குறைக்க சிஎம்எம் இருக்கிறது. லினக்ஸுக்குள் இருக்கும் ஒரு மாட்யூல் பக்கங்களைப் பிடித்து சிபியிடம் திருப்பிக் கொடுக்கும். கேஷ் பெருத்துப்போன கெஸ்ட்டுகளுக்கு இது நன்றாக வேலை செய்யும். பெரிய ஜாவா ஹீப் ஓடும் கெஸ்ட்டில் கைவைக்காதீர்கள். குப்பை கூட்டும்போது ஜாவா ஹீப் முழுவதையும் தொட்டுப் பார்க்கும்; பக்கம் வெளியே போயிருந்தால் மொத்தமும் நின்றுவிடும்.

விடிஸ்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. லினக்ஸ் ஸ்வாப்பை விடிஸ்க்கில் வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது இலவசம் என்று நினைத்து 4 ஜிபி, 8 ஜிபி என்று கொடுத்திருப்பார்கள். ஒருமுறை எழுதப்பட்ட விடிஸ்க் பக்கம் பேஜிங் கணக்கில் வந்துவிடும். முதலில் இதைக் குறையுங்கள். இதற்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

## வழி 5: நிஜ மெமரி வாங்குவது

பேஜிங்கே இல்லாமல் செய்துவிடலாம் என்ற எண்ணம் மேலாளர்களுக்குப் பிடிக்கும். 7.2 பதிப்பு 4 டிபி வரை தாங்கும். ரிசர்வ்டு ஸ்டோரேஜ் முன்பே வரையறுத்திருந்தால் ஐபிஎல் இல்லாமல் ஏற்றவும் செய்யலாம். ஏற்றிய மெமரியை ஓடும்போதே திரும்ப எடுப்பதும் 7.2-க்கு வந்த திருத்தத்தில் சாத்தியமாகிவிட்டது. அதற்கு இசட்14 அல்லது அதற்குப் பிந்தைய இயந்திரம் வேண்டும்.

மெமரி கூடினால் பேஜிங் விகிதம் குறையும், பதில் நேரம் மேம்படும். பேஜிங் இடத்தின் தேவை மட்டும் அப்படியே நிற்கும். கெஸ்ட்டுகளின் கூட்டுத்தொகை மாறவில்லையே. மெமரி வந்ததும் “இப்போதுதான் இடம் இருக்கிறதே” என்று இன்னும் பத்து கெஸ்ட்டை ஏற்றுவார்கள். பேஜிங் வால்யூமைக் கூட்ட யாரும் சொல்லமாட்டார்கள். மெமரி வாங்கும் பரிந்துரையில் வால்யூம் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

பழைய ஆவணங்களில் எக்ஸ்பாண்டட் ஸ்டோரேஜ் ஒதுக்கச் சொல்லி இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போங்கள். 6.4-லிருந்து அது கிடையாது.

## பக்கத்தில் பக்கமாக

| | கூட்டுவது | பெரிதாக்குவது | எஸ்சிஎஸ்ஐ | கெஸ்ட்டைக் குறைப்பது | மெமரி |
|---|---|---|---|---|---|
| இடம் கூடுமா | உடனே | ஐபிஎல்லுக்குப் பின், நிறைய | கூடும் | தேவையே குறையும் | கூடாது |
| வேகம் | ஏறும் | அலையஸ் இருந்தால் | சிபியுவைப் பொறுத்து | ஏறும் | நன்றாக ஏறும் |
| ஐபிஎல் | வேண்டாம் | நடைமுறையில் வேண்டும் | வேண்டாம் | கெஸ்ட்டுக்கு மட்டும் லாக்ஆஃப் | முன்பே திட்டமிட்டிருந்தால் வேண்டாம் |
| திரும்ப எடுப்பது | கடினம் | இன்னொரு ஐபிஎல் | கடினம் | எளிது | 7.2 திருத்தத்தோடு முடியும் |
| கை தவறும் ஆபத்து | ஃபார்மட், கான்ஃபிக் | ஃபார்மட், தின் பூல் | ஃபார்மட் | குறைவு | குறைவு |
| மறைசெலவு | ஸ்லாட் | உரிமம் | ப்ராசஸர் நேரம் | மீட்டிங் | அதை நம்பி ஏற்றும் கெஸ்ட்டுகள் |

## உங்கள் நிலைமைக்கு எது

இப்போதே 85-க்கு மேல் போய்விட்டதா? வழி 1 மட்டும்தான் கைக்கு எட்டும். முன்பே ஃபார்மட் செய்த, அதே அளவுள்ள ஸ்பேர் இரண்டு எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். ராத்திரி இரண்டரை மணிக்கு ஃபார்மட் செய்ய ஆரம்பிப்பவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார். ஸ்பேரும் இல்லையென்றால், எந்தக் கெஸ்ட்டை முதலில் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய பட்டியல் கையில் இருக்கட்டும். ஒரு டெஸ்ட் கெஸ்ட்டை லாக்ஆஃப் செய்தால் அதன் பக்கங்கள் அந்த நிமிடமே விடுபடும். கிளஸ்டரில் ஓடுகிறீர்கள் என்றால் ஒரு கெஸ்ட்டை அடுத்த உறுப்பினருக்கு நகர்த்தலாம். அங்கே பேஜிங் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

சதவீதம் 50-ஐச் சுற்றி மெல்ல ஏறுகிறது என்றால் அவசரமில்லை. பாதிக்குக் கீழே வைத்திருங்கள் என்பது பழைய காலத்து அறிவுரை. கூட்டமாக எழுதத் தொடர்ச்சியான காலி இடம் கிடைக்கட்டும் என்பதற்காகச் சொன்னது. மேலே போட்ட கணக்குப்படி இடம் வைத்திருந்தால் அந்த எண் தானாகவே அமைந்துவிடும். இந்த நிலையில் வழி 4-ஐ ஆரம்பியுங்கள், விடிஸ்க்கிலிருந்து.

255 ஸ்லாட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது, அல்லது அடுத்த வருஷம் கெஸ்ட் எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்றால் வழி 2. ஆனால் அடுத்த திட்டமிட்ட ஐபிஎல்லுக்கு முன் பாதியும் பின் பாதியும் என்று பிரித்துச் செய்யாதீர்கள்.

பேஜிங் இடம் 30 சதவீதம்தான், ஆனால் கெஸ்ட்டுகள் மெதுவாக இருக்கின்றன என்றால் நீங்கள் படிக்க வேண்டியது வழி 5. அங்கே வால்யூம் கூட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். அந்த மாடல் 27-ஐ ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எந்தக் கெஸ்ட் எவ்வளவு டிஸ்க் பக்கம் வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக இண்டிகேட் யூசர் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பதினைந்தாவது பெயரில் நின்றான். யாரோ டெஸ்டுக்காக ஏற்றிவிட்டு மறந்துபோன மூன்று கெஸ்ட், ஒரே வரிசைப் பெயரில். பட்டியலில் அவை “நிறுத்தலாம்” என்றுதான் இருந்தன. மூன்றையும் நிறுத்தியதும் 82 என்பது 61-க்கு வந்தது. மாடல் 9 ஸ்பேர் இரண்டை மறுநாள் பகலில், காபி குடித்துவிட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து ஃபார்மட் செய்தோம். முகவரியை அவன் வாசித்தான், ‘யு’வை நான் அடித்தேன்.